எம்பியிடம் மனுவோடு போகாதீர்கள், மசோதாவோடு போங்கள்

கோத்தகிரி தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேர்தான் ஜெராக்ஸ் கடை, பாதி வேலை மனு எழுதுவது. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, காட்டுமாடு மிதித்துப் போன கேரட்டுக்கு நிவாரணம், திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு எதுவாக இருந்தாலும் என் கம்ப்யூட்டரில் மாதிரி இருக்கிறது. பெயரையும் சர்வே நம்பரையும் மாற்றினால் போதும். ஒரே ஒரு ஃபைலைத் திறக்க மட்டும் எனக்குக் கை வராது: ‘பசுந்தேயிலைக்கு நியாய விலை வழங்கக் கோருதல் தொடர்பாக’. ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்ய வேண்டும். எம்பிக்கு ஒன்று, டீ போர்டுக்கு ஒன்று, டெல்லி மந்திரிக்கு ஒன்று. ‘தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது’ என்று பதில் வரும். எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்டு இன்னொரு மனு எழுதலாம். நானும் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருவேன்.

ஆனால் எம்பி என்பவர் கலெக்டர் கிடையாது. அவர் கையெழுத்துப் போட்டு நகர்த்துகிற இலாகா எதுவும் அவரிடம் இல்லை. அவரிடம் இருப்பது, நடப்பில் உள்ள ஒரு சட்டத்தின் ஒரு வரியை இப்படி மாற்றுங்கள் என்று அவையில் மசோதா வைக்கிற உரிமை. மந்திரியாக இல்லாத எந்த உறுப்பினரும், ஆளுங்கட்சிக்காரரே ஆனாலும், வைக்கலாம். பேப்பரில் தனிநபர் மசோதா என்று வருவது இதுதான். அவரிடம் இருப்பதைத்தானே அவரிடம் கேட்க வேண்டும்? அதற்கு நாம் என்ன தயார் செய்து கொண்டுபோக வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

பாஸ் ஆகாது, தெரிந்தே இறங்குங்கள்

சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றத்தில் இதுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல். அதற்குப் பிறகு பிறந்தவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ‘நம்ம மசோதா கட்டாயம் பாஸ் ஆயிரும்’ என்று ஊர்க்கூட்டத்தில் யாராவது மைக் பிடித்தால் வாங்கிக் கீழே வையுங்கள்.

அப்புறம் எதற்கு இந்த மெனக்கெடல் என்றால், மசோதாவின் வேலை பாஸ் ஆவதோடு முடிவதில்லை. திருச்சி சிவா மாநிலங்களவையில் கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 24-ல் அது மாநிலங்களவையில் நிறைவேறியது. ஒரு தனிநபர் மசோதா ஏதாவது ஓர் அவையைத் தாண்டியது பல பத்தாண்டு கழித்து அப்போதுதான். மக்களவையில் அது தேறவில்லை. ஆனால் மத்திய அரசு சும்மா இருக்க முடியாமல் 2016-ல் தானே ஒரு மசோதா கொண்டுவந்தது, 2019-ல் சட்டமானது. சிவாவின் மசோதா நிறைவேறியதற்கு முந்தைய வருடமே, 2014-ல், திருநர் உரிமை பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்திருந்தது, அந்தப் புண்ணியத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிவாவின் மசோதாவில் இருந்த 2 சதவீத இடஒதுக்கீடு அரசின் சட்டத்தில் இல்லை. இது போதாது என்று திருநர்களே தெருவில் இறங்கினார்கள். அரசு நம் யோசனையை எடுத்துக்கொண்டால் அதன் நகத்தை வெட்டிவிட்டுத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்கும் தயாராக இருங்கள்.

வெள்ளைக்காரன் காலத்து உதாரணமும் உண்டு. குழந்தைத் திருமணத்தைத் தடுத்த சாரதா சட்டம் 1929-ல் வந்தது, ஹர்பிலாஸ் சாரதா என்ற தனி உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவால். நம் மெட்ராஸில் முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் கடைசியில் சட்டமன்றத்தில் கிளப்பிய தேவதாசி ஒழிப்பு, சட்டமாக 1947 ஆயிற்று. நடுவில் அவர் பதவியில்கூட இல்லை. அவர் கிளப்பியது மட்டும் அவைக் குறிப்பில் இருந்தது.

எனக்குப் பிடித்தது 1956-ல் பெரோஸ் காந்தி கொண்டுவந்தது. நாடாளுமன்றத்தில் பேசியதை உள்ளபடி அச்சிடும் பத்திரிகை மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு அந்தத் தனிநபர் மசோதாவால்தான் வந்தது. அவசரநிலையின்போது அவருடைய மனைவி இந்திரா காந்தியின் அரசே அதை ரத்து செய்தது, 1977-ல் மறுபடி வந்தது. மந்திரி அவையில் சொன்னதைப் பேப்பரில் நாம் பயமில்லாமல் படிக்கிறோம் என்றால் அதில் ஒரு தனி உறுப்பினரின் கை இருக்கிறது.

முதல் வேலை: அது யாருடைய சட்டம்?

இங்கேதான் நம் மலையில் பாதிப் பேர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் செக்‌ஷன் 17 நிலத்துக்குப் பட்டா கேட்டு எம்பியிடம் ஓடுவதில் பிரயோஜனம் இல்லை. அது 1969-ஆம் வருடத்து கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், சென்னையில் போட்டது, சென்னையில்தான் மாற்ற வேண்டும். அதற்கு எம்எல்ஏ. படுகர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்வது நேர் எதிர். அரசியல் சட்டத்தின் 342-ஆவது பிரிவுப்படி அந்தப் பட்டியலைத் திருத்துவது நாடாளுமன்றம் மட்டுமே. எம்எல்ஏ என்ன முழங்கினாலும் சட்டமன்றத்தில் தீர்மானம்தான் போடலாம். 2022 டிசம்பரில் நரிக்குறவர்களைச் சேர்த்ததும் டெல்லியில்தான்.

காட்டுமாடு, காட்டுப்பன்றி, கரடி எல்லாம் பொதுப் பட்டியல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 மத்தியச் சட்டம்தான், ஆனாலும் மாநிலமும் திருத்தம் போடலாம், ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தால் அது இந்த மாநிலத்துக்குள் நிற்கும். 2017-ல் ஜல்லிக்கட்டுக்கு அப்படித்தான் மத்தியச் சட்டத்தில் தமிழ்நாடு திருத்தம் போட்டது. வனவிலங்குச் சட்டத்தில் காட்டுமாடு அதிகப் பாதுகாப்பு உள்ள அட்டவணை ஒன்றில் இருக்கிறது, காட்டுப்பன்றி இரண்டில். இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தில் கோரிக்கை எழுதினால் எழுதியவருக்குச் சட்டம் தெரியாது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

தேயிலை? முழுக்க டெல்லி. தேயிலைச் சட்டம் 1953, வர்த்தக அமைச்சகம், அதன் கீழ் டீ போர்டு. இந்தச் சட்டங்கள் எல்லாம் அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிண்ட் போடுங்கள், ஆனால் முழுசாகப் போடாதீர்கள் (ஜெராக்ஸ் கடைக்காரனே சொல்கிறேன்). உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பிரிவு.

இரண்டாவது வேலை: ஒரே ஒரு வரி

எங்கள் பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊர்) இருந்து ஒரு பெரியவர் வருவார். பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதற்குள் எடைச் சீட்டுகளை அடுக்கி வைத்திருப்பார். சீட்டில் தேதி இருக்கும், கொட்டிய இலை எத்தனை கிலோ, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்தது எத்தனை, நிகரம் எத்தனை என்று இருக்கும். விலை என்ற கட்டம் மட்டும் காலி. இந்த மாதம் போட்ட இலைக்கு என்ன விலை என்பது மாதம் முடிந்த பிறகுதான் தெரியும். அப்புறம் பணம் கைக்கு வருவது பேக்டரிக்காரர் மனசைப் பொறுத்தது. ‘எழுதுப்பா, எல்லாத்தையும் எழுது’ என்பார். விலை குறைவு, கழிவு அதிகம், பணம் தாமதம், குன்னூர் ஏலத்தில் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. மனு என்றால் எல்லாவற்றையும் எழுதலாம், காகிதம் தாங்கும். மசோதா தாங்காது.

ஆகவே நான்கையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் சட்ட வரியாக மாறுமா என்று பாருங்கள்.

‘அரசு கிலோவுக்கு இத்தனை ரூபாய் ஆதரவு விலை கொடுக்க வேண்டும்’ என்று எழுதினீர்கள் என்றால் அரசு கஜானாவில் கை வைக்கிறீர்கள். அரசியல் சட்டம் 117-ஆவது பிரிவுப்படி, தொகுப்பு நிதியிலிருந்து செலவு பிடிக்கும் மசோதா ஜனாதிபதியின் பரிந்துரை இல்லாமல் நிறைவேற முடியாது. அந்தப் பரிந்துரை என்பது நடைமுறையில் மத்திய அரசின் சம்மதம். யாரை எதிர்த்துக் கேட்கிறோமோ அவர்களிடமே அனுமதிச் சீட்டு. செலவுக் கணக்கோடு நிதிக் குறிப்பும் இணைக்க வேண்டும். கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை, முதல் மசோதாவுக்கு இது வேண்டாம் என்கிறேன். ஈரக் கழிவு என்றால் எடை பார்க்க ஆள், சோதனை, அபராதம் என்று பத்துப் பிரிவு எழுத வேண்டும். ஏலம் நமக்கு மேலே இருக்கிற விவகாரம்.

மிஞ்சுவது தாமதம். அதற்கு நாட்டில் ஏற்கனவே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது என்பதுதான் விசேஷம். கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, 1966. கரும்பு வந்து இறங்கிய 14 நாளுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும், தவறினால் வருடத்துக்கு 15 சதவீத வட்டி. கரும்புக்காரருக்கும் பாக்கி நிற்கத்தான் செய்கிறது, அது வேறு கதை. ஆனால் அவர் கோர்ட் படி ஏறும்போது காட்டுவதற்குக் கையில் ஒரு விதி இருக்கிறது. நம் இலைக்காரருக்கு அப்படி ஒன்றைக் கேட்கலாமே.

தேயிலைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு விலையையும் விநியோகத்தையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2003-ல் வந்த தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணை, அதில் உள்ள, விற்ற தேயிலையின் விலையைப் பேக்டரிக்கும் விவசாயிக்கும் பங்கிடும் விலைப் பகிர்வு சூத்திரம் எல்லாம் அதன் கீழ் வந்தவைதான். அதற்குப் பக்கத்தில் நம் வரியை வைக்க வேண்டும். நான் எழுதிப் பார்த்தது இது:

‘30-ஆம் பிரிவுக்குப் பிறகு பின்வரும் பிரிவு சேர்க்கப்படும்: சிறு தேயிலை விவசாயியிடமிருந்து பசுந்தேயிலை வாங்கும் ஒவ்வொரு தொழிற்சாலையும், அம்மாதத்துக்கான விலை அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் முழுத் தொகையையும் அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும், தவறினால் தாமதமான காலத்துக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துச் செலுத்த வேண்டும். விளக்கம்: சிறு தேயிலை விவசாயி என்பவர் 10.12 ஹெக்டேருக்கு மேற்படாத பரப்பில் தேயிலை பயிரிடுபவர்.’

அவ்வளவுதான். 10.12 ஹெக்டேர் என்பது 25 ஏக்கர், டீ போர்டு சிறு விவசாயி என்று வைத்திருக்கும் வரம்பு அது. நாமாக ஒரு வரம்பைக் கண்டுபிடித்தால் அதிலேயே விவாதம் சிக்கிக்கொள்ளும்; அவர்கள் எண்ணையே அவர்களிடம் கொடுங்கள். வங்கிக் கணக்கு என்ற வார்த்தை ஏன் என்று இலை போடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த வரியைப் படிக்கும் அதிகாரி ‘இதற்குச் சட்டத் திருத்தம் எதற்கு, கட்டுப்பாட்டு ஆணையிலேயே சேர்த்துவிடலாமே’ என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். நாம் மசோதா கொண்டுபோவதே அந்த வாக்கியத்தை வரவழைக்கத்தான்.

வரியைச் சுற்றி மூன்று காகிதம் வேண்டும். ஒன்று, நோக்கமும் காரணமும் சொல்லும் அறிக்கை. இதுதான் உண்மையில் படிக்கப்படும் பக்கம். கருணை, ஏழை, கண்ணீர் எதுவும் வேண்டாம். கரும்புக்கு இருக்கிறது, இலைக்கு இல்லை, இலையும் பறித்த அன்றே பேக்டரிக்குப் போயாக வேண்டிய பொருள், வைத்திருந்து விற்க முடியாது. இத்தனையும் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டு, நிதிக் குறிப்பு. அரசுக்குச் செலவு இல்லை என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மூன்று, நீங்கள் திருத்துகிற பழைய பிரிவின் நகல்.

முதலில் தமிழில் எழுதி, இலை போடுகிற நாலு பேருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கண்டுபிடிக்கிற ஓட்டையை எந்த வக்கீலும் கண்டுபிடிக்க மாட்டார். (‘விலை அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து’ என்றால், விலையையே அறிவிக்காமல் இழுத்தால்? என்று கேட்டது அந்தப் பால் கவர் பெரியவர். மாதம் முடிந்து இத்தனாம் தேதிக்குள் அறிவிக்க வேண்டும் என்று இன்னொரு வாசகம் சேர்க்க வேண்டியிருக்கிறது.) பிறகு ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும், மசோதாவின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். ஒரு இளம் வக்கீல் போதும், பெரிய வக்கீல் தேவையில்லை.

யாரிடம் கொடுப்பது

நீலகிரி தொகுதி என்று பேர் இருந்தாலும் அதன் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மூன்று, பவானிசாகர், மேட்டுப்பாளையம், அவினாசி, சமவெளியில் இருக்கின்றன. அவினாசிக்காரருக்கு இலை விலை ஒரு பொருட்டா? நம் எம்பி யாராக இருந்தாலும் அவருக்கு ஆறையும் பார்த்தாக வேண்டும். ஆகவே அவருக்கு முதல் பிரதி, அதோடு நிற்காதீர்கள். தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 உறுப்பினர்கள். அவர்களில் விவசாயம் பேசுகிறவர் யார் என்று பழைய விவாதங்களைப் புரட்டினால் தெரியும், எல்லாம் நாடாளுமன்றத்தின் சன்சத் தளத்தில் கிடக்கிறது. இன்னொன்று, மசோதா வைக்கிறவர் நம்மூர்க்காரராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அசாமிலும் வடக்கு வங்காளத்திலும் சிறு தேயிலை விவசாயிகள் நம்மைவிடப் பல மடங்கு. அங்கே ஒரு உறுப்பினர் இதே வரியைத் தானும் கொடுத்தால் நமக்கு நல்லதுதான்.

எம்பி கையில் கொடுக்காதீர்கள். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கும் கோத்தகிரி காய்கறிக் கண்காட்சிக்கும் வி.ஐ.பி.க்கள் வருவார்கள், சால்வையோடு சேர்த்து நீங்கள் கொடுக்கிற காகிதம் பக்கத்தில் நிற்பவர் கைக்குப் போய், அப்புறம் காரின் பின்சீட்டில் சால்வைக்கு அடியில் ஊட்டியைச் சுற்றிப் பார்க்கும். டெல்லி அலுவலகத்தில் யார் வேலையைக் கவனிக்கிறார் என்று கேட்டு, அவருக்கு ஈமெயிலில் திருத்தக்கூடிய ஃபைலாக அனுப்புங்கள். சில எம்பிக்களிடம், சட்ட ஆய்வு செய்யும் பிஆர்எஸ் அமைப்பு எம்பிக்களுக்கு உதவியாளர் அனுப்பும் லாம்ப் திட்டத்தில் வந்த இளைஞர்கள் உதவியாளர்களாக இருப்பார்கள். மசோதா எழுதுவது அவர்களுக்குப் பிடித்த வேலை. உங்கள் ஒரு பக்கத்தை அவர்கள் எட்டுப் பக்கமாக்கி, அதில் ஆறு பக்கம் உபயோகமாகவும் இருக்கும்.

எப்போது

பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என்று மூன்று கூட்டத்தொடர். மசோதாவுக்கு ஒரு மாதம் முன்பே அறிவிப்பு கொடுக்க வேண்டும். மழைக்காலத் தொடர் பெரும்பாலும் ஜூலையில் தொடங்கும், அப்படியானால் மே மாதமே வரைவு அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைதான் தனி உறுப்பினர்களின் நாள். மக்களவையில் அன்றைய கடைசி இரண்டரை மணி நேரம். அதுவும் ஒரு வெள்ளி மசோதாவுக்கு, அடுத்த வெள்ளி தீர்மானத்துக்கு. அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் அந்த வெள்ளி போயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் கோயம்புத்தூர் பிளைட்டைப் பிடிக்கத் துடிக்காத எம்பியைத் தேர்ந்தெடுப்பது உங்கள் சாமர்த்தியம்.

அறிமுகம் செய்வது ஒரு நிமிட வேலை, அனுமதி கேட்பார், கிடைக்கும். எதிர்ப்பு வராது என்பது வழக்கம்தான், உத்தரவாதம் கிடையாது. 2015 டிசம்பரில் சசி தரூர், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆவது பிரிவைத் திருத்த அனுமதி கேட்டபோது 71-க்கு 24 என்று அறிமுகத்திலேயே தோற்கடித்தார்கள். மூன்று வருடத்தில் உச்ச நீதிமன்றமே அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. அறிமுகமான பிறகு எது விவாதத்துக்கு வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். மக்களவையில் ஒரு குழு மசோதாக்களை அவசரம் பார்த்து இரண்டு வகையாகப் பிரித்து நேரமும் ஒதுக்கும். பெரும்பாலான மசோதாக்கள் அறிமுகத்தோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

உட்கார்ந்திருக்கும் மசோதாவுக்கும் மரியாதை உண்டு. அறிமுகமான மசோதாவைப் பற்றி மக்களவைக்கே பொதுமக்கள் மனு கொடுக்கலாம், ஒரு உறுப்பினர் மேலொப்பம் போட்டால் அவையில் வைப்பார். இந்த மனுவை மட்டும் நான் சந்தோஷமாக எழுதித் தருவேன். 1953-ஆம் வருடத்துச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுத் தேயிலைச் சட்டம் கொண்டுவர வர்த்தக அமைச்சகம் 2022-ல் வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அப்படி மறுபடி கேட்கும்போது, மசோதா எண்ணோடு இந்த வரியை அனுப்புவது வேறு, ‘ஆவன செய்க’ என்று அனுப்புவது வேறு.

ஒரு கணக்கையும் நினைவில் வையுங்கள். மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் உள்ள மசோதா காலாவதி. மாநிலங்களவையில் அறிமுகமாகி அங்கேயே நிற்பது கலைப்பால் சாகாது, ஆனால் கொண்டுவந்த உறுப்பினர் ஓய்வுபெற்றால் அவரோடு போய்விடும். பதவிக்காலம் எவ்வளவு பாக்கி என்று பார்த்துக் கொடுங்கள்.

மந்திரி பதில் சொன்னால்

குலுக்கலில் வந்து விவாதமும் நடந்தால் கடைசியில் மந்திரி எழுந்து, உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டுகிறேன், அரசு பரிசீலித்து வருகிறது, மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும் என்பார். உறுப்பினரும் திரும்பப் பெறுவார். அநேகமாக எல்லாத் தனிநபர் மசோதாவும் இப்படித்தான் முடிகிறது. ஊரில் கோபப்படுவார்கள். கோபப்படாமல் சன்சத் தளத்தில் அன்றைய விவாதத்தை இறக்கி, மந்திரி பேசிய பத்தியை மட்டும் பிரிண்ட் போடுங்கள்.

மனுவுக்குப் பதிலாக வரும் ‘பரிசீலனையில் உள்ளது’ காகிதத்தோடு சரி. அதையே மந்திரி அவையில் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும். அரசு உறுதிமொழிகள் குழு என்று இரண்டு அவைகளிலும் ஒன்று இருக்கிறது. அவையில் கொடுத்த உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் ஏன் என்று சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். நான்காவது மாதம் எம்பியின் டெல்லி உதவியாளருக்கு ஈமெயில் போட்டு, அந்த உறுதிமொழி குழுவின் பட்டியலில் ஏறியதா, அமைச்சகம் அவகாசம் கேட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஏறவில்லை என்று பதில் வந்தால், விவாதப் பத்தியை இணைத்து உறுப்பினர் பெயரில் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு அதே வரியைத் தேதி மட்டும் மாற்றி மறுபடி அறிவிப்பாகக் கொடுக்கலாம். எடைச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நோக்க அறிக்கையோடு இணைக்க வேண்டிவரும்.